ஊரார் பிள்ளைக்கு ஓர் ஆலோசகர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. தன் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதை அது பிறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டு, மிச்சமுள்ள ஆயுளில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பட்டறைக்கு அனுப்பிவைக்கும் இனம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நாம் பார்க்கப்போகிறவரை எல்லோரும் ஆலோசகர் என்பார்கள். அலுவலகத்தில் அவர் வேலை வேறு, ஆலோசனை இலவசம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு அவர் கண்ணில் பட்டுவிட்டு நீங்கள் தப்ப முடியாது. பால் பாக்கெட்டோடு கடையில் நிற்பீர்கள், லிஃப்டுக்குக் காத்திருப்பீர்கள், பல் டாக்டர் வாசலில் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், வந்துவிடுவார். பையனின் கையை ஜோசியர் மாதிரி திருப்பிப் பார்ப்பார். "என்ன கைங்க இது! வெல்டிங் பிடிக்கிற கை. இதைக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் முன்னால வைக்கலாமா?" பட்டதாரி வேலை தேடி அலைந்த கதை வரும். பிறகு ஏ.சி. மெக்கானிக் ஒருவர் கார் வாங்கிய கதை வரும். அந்த மெக்கானிக்கை யாரும் பார்த்ததில்லை. காரின் நிறமோ சொல்லும்போதெல்லாம் மாறும்.

அவருடைய மகள்? அவள் டாக்டர். இப்போதைக்குப் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அவ்வளவுதான்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் அப்பா குழாய் பொருத்துகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி இவர்தான். பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியபோது சுவரில் ஆணி அடித்தவரும் அப்பாதான். பட்டதாரிக்கு அடிக்க வரவில்லை. இந்தப் பரம்பரையில் இனி ஒருவரும் சுத்தியலைத் தொடக்கூடாது என்று அன்றே மனதுக்குள் ஒரு தீர்மானம் நிறைவேறிவிட்டது.

பள்ளியில் தொழிற்பிரிவுகள் தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. படிவத்தில் பெற்றோர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதற்குக் கீழே பெற்றோர் குழுத் தலைவர். தலைவர் யார்? வேறு யார்! கடைசி நாளன்று பள்ளியில் பெற்றோர் கூடியிருக்க, மேசையில் படிவங்கள் குவிந்திருந்தன. ஆலோசகர் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். பெயர்களைப் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளைகள்தானே, பெயர் எதற்கு?

எதிரே ஒரு பஸ் டிரைவர் பேனாவைத் திறந்தபடி தயங்கினார்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. எலக்ட்ரிகல்ல போட்டா பையன் நாளைக்கு என்னைத் திட்டமாட்டானே?"

"கையெடுத்துக் கும்பிடுவான் அண்ணே! வேணும்னா மேல படிக்கவும் வழி இருக்கு. நானா இருந்தா யோசிக்கவே மாட்டேன்."

கையெழுத்தான படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்த டீச்சர் மலர்ந்த முகத்தோடு ஒன்றை உயர்த்திக் காட்டினார். "யோசிக்கவே இல்லையே சார்! சொல்றதோட நிக்காம செஞ்சும் காட்டிட்டீங்க."

மகளின் பெயர். ஏ.சி. மெக்கானிக் பிரிவு. மனைவியின் குண்டு குண்டான கையெழுத்து. அதற்குக் கீழே, மை காயாமல், அவருடையது.

"இது எப்படி இங்க வந்தது?"

"கட்டுல நாலாவதா வெச்சிருந்தேம்பா" என்றாள் வாசலில் நின்ற மகள். "ஒளிச்செல்லாம் வைக்கலை. அம்மா படிச்சுப் பார்த்துத்தான் போட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"மூணு தடவை சொன்னேன். நீங்க ஃபோன்ல யார் பையனுக்கோ வழி சொல்லிட்டிருந்தீங்க."

ஆலோசகர் டீச்சரிடம் திரும்பினார். "இதைக் கிழிச்சிடுங்க டீச்சர். இவ விஷயம் வேற. இவ நல்லாப் படிக்கிற பொண்ணு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"அப்ப எங்க பிள்ளைங்க?" என்றார் டிரைவர். பேனாவை மூடினார். பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. ஓர் அம்மா எழுந்துவந்து, "எங்க பையன் பேப்பரையும் குடுத்திடுங்க" என்று கை நீட்டினார். இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். போதிய பிள்ளைகள் சேராவிட்டால் பிரிவே கிடையாது. மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரி... இருக்கட்டும்" என்றார். அவர் வாழ்நாளில் கொடுத்த மிகச் சிறிய ஆலோசனை அதுதான்.

"சத்தமா சொல்லுங்க சார், பின்னால கேக்கலை" என்றார் டிரைவர்.

"என் பொண்ணு ஏ.சி. மெக்கானிக் படிக்கப் போறா! போதுமா?"

டிரைவர் பேனாவைத் திறந்தார்.

பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் ஆலோசகர் தெளிந்துவிட்டார். "ரெண்டே வருஷம்மா. அப்புறம் அப்படியே இன்ஜினீயரிங்."

"முதல்ல ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கத்துக்கறேம்பா."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தொழிற்பிரிவு நல்லதுதான், கட்டாயம் வேண்டியதுதான் என்று நடுவே ஒருமுறை தலையும் ஆட்டியிருப்பீர்கள். ஆடியது உங்கள் தலை. அந்த நேரம் உங்கள் மனக்கண்ணில் பட்டறையில் நின்றது யார் வீட்டுப் பிள்ளை?