வாசலுக்கு வந்த வான்கோழி

வாசலில் தொம்மென்று ஏதோ விழுந்தது. அலமாரியில் இருந்த கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

குளியலறையில் மண்டியிட்டுக் கழிப்பறைத் தொட்டியின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்த ஆர்விட் டோலெஃப்சன் பதறி எழுந்து ஓடினார். எழுபத்து மூன்று வயதில் ஓட்டம் என்பது கொஞ்சம் வேகமான நடைதான். அவர் கதவைத் திறப்பதற்குள், படுக்கை அடுப்பு எல்லாம் வைத்த அந்தப் பெரிய வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு வெர்னாவின் கை மட்டும் நீண்டு டாட்டா காட்டியது.

மிதியடியில் ஒரு வான்கோழி கிடந்தது. பதினாறு பவுண்டு. உறைந்து பாறாங்கல்லாக இருந்தது. காலில் ஒரு சீட்டு: ‘எங்களுக்கு மிஞ்சிவிட்டது. நீங்கள் நாளைக்குத்தானே கிளம்புகிறீர்கள், சாப்பிட்டுவிடுங்கள். அக்டோபரில் பார்ப்போம்.’

“யாரு?” என்று சமையலறையிலிருந்து மனைவி மார்லிஸ் கேட்டார்.

“வெர்னா. கோழிய வீசிட்டுத் தப்பிச்சுட்டா.”

மார்லிஸ் கையில் பட்டியலுடன் வந்தார். கோழியைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார்.

“முப்பத்தொன்பதுல இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றார்.

பட்டியலில் முப்பத்தொன்பது என்பது ஃப்ரிட்ஜைக் காலி செய்வது.

ஏப்ரல் கடைசி வந்துவிட்டால், தெற்கே பாலைவனத்தில் இருக்கும் சகுவாரோ காலனி காலியாகிவிடும். பனிக்குப் பயந்து வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து வடக்கே போய்விடுவார்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வீட்டை அப்படியே விட்டுப் போனால் பாலைவனம் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். தொட்டிகளில் எண்ணெய் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழாய் காய்ந்து கரப்பான் ஏறிவரும். மேஜை நாற்காலி காய்ந்து வெடிக்காமல் இருக்க அறைக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்க வேண்டும். இங்கேயே விட்டுப்போகும் இரண்டாவது காரின் வயர்களை எலி தின்னாமல் இருக்க அதற்கொரு வேலை. இப்படி மொத்தம் நாற்பத்தொரு வேலைகள். நாற்பத்தொன்றாவது, எதிர்வீட்டு ரூடி கோவாஷிடம் சாவி கொடுப்பது. தனியாக இருக்கும் ரூடி ஜூன் பாதி வரைக்கும் ஊருக்குப் போகமாட்டார். தெரு முழுவதன் சாவியும் அவர் சமையலறை ஆணியில்தான் தொங்கும்.

முந்தைய வருடங்களில் ஆர்விட் சொன்னால் போதும், கையெழுத்து கிடையாது. கையெழுத்துப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது போன அக்டோபர்.

போன அக்டோபரில் சொந்த ஊரான வடக்கு டகோட்டாவிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்தபோது வீட்டுக்குள்ளிருந்து வந்த நாற்றத்தில் மார்லிஸ் வாசல் கள்ளிச் செடியிலேயே உட்காரப் பார்த்தார். ஃப்ரிட்ஜ் நிறைய ஏதேதோ. மழைக்கால இடியில் எப்போதோ மின்சாரம் அறுந்து, உள்ளே மீனும் இறைச்சியும் தம் இஷ்டப்படி வாழ்ந்திருந்தன. ஐந்து விதமான கடுகு பாட்டில். ஒரு ஜாடி பீட்ரூட் ஊறுகாய்.

“நான் காலி பண்ணினேன். ப்ளக்கைப் பிடுங்கி, வயரைச் சிவப்புக் கயிறு போட்டுக் கட்டினேன்” என்று ஆர்விட் சத்தியம் செய்தார்.

ப்ளக் மாட்டியிருந்தது. கயிறு இழுப்பறையில் இருந்தது.

“பீட்ரூட்ட நான் தொடவே மாட்டேனே, மார்லிஸ்.”

“தொட்டது உனக்கு ஞாபகம் இல்ல. அதான் விஷயமே.”

வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. பழைய ஃப்ரிட்ஜை விடிவதற்குள் அப்புறப்படுத்திவிட்டுப் புதியது வாங்கினார்கள். அன்றைக்கே மார்லிஸ் முடிவைச் சொல்லிவிட்டார். ஃப்ரிட்ஜைக் காலி செய்தோமா இல்லையா என்று தெரியாத மனிதரால் இரண்டு வீட்டைக் கட்டிக் காக்க முடியாது. இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருப்பது. பனியோ மழையோ, அங்கேயே.

ஆர்விட்டுக்கு வீட்டை விற்பதுகூட இரண்டாம் பட்சம். அந்தச் சிவப்புக் கயிற்றைக் கட்டிய முடிச்சுகூட அவர் கண்ணில் நின்றது. கட்டாத முடிச்சு கண்ணில் நிற்கிறதென்றால் அந்தத் தலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குளிர்காலம் முழுக்க, தூங்கப் போகுமுன் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வரை வரும்.

இப்போது பதினாறு பவுண்டு வான்கோழி.

குப்பை வண்டி முந்தாநாள் வந்து போய்விட்டது. இந்த வெயிலில் தொட்டியில் போட்டால் மத்தியானத்துக்குள் நரிகள் மாநாடு கூட்டிவிடும். மேலும் மார்லிஸ் கோதுமை விவசாயி பெற்ற பெண். சாப்பாட்டைக் குப்பையில் போடுகிறவர்கள் வீட்டில் தன் அப்பா காலை வைக்கமாட்டார் என்று ஐம்பது வருடமாகச் சொல்லிவருகிறார். மிச்சத்தைத் தீர்ப்பதற்காகவே இருவரும் ஒரு வாரமாகத் தோசை மாதிரியான அப்பத்துக்கு மத்தி மீனைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருந்தார்கள்.

“யாருக்காவது குடுத்துட்டு வரேன்” என்று ஆர்விட் கோழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த தெரு ஹார்லன் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். அவர் கிளம்ப இன்னும் நான்கு நாள் இருந்தது. ஆனால் வடக்கத்திக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: கொடுக்க வந்த கையை வெறுங்கையாக அனுப்பமாட்டார்கள். ஹார்லன் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய இறைச்சியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்ததையும் இரண்டு டஜன் முட்டையையும் கொண்டுவந்தார். ஆர்விட் மறுத்தார். அவர்கள் ஊரில் முதல் மறுப்பு மரியாதை, இரண்டாவது கூச்சம். மூன்றாவது தடவை மறுத்தால் சண்டை. இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து ப்ளக்கை மாட்ட வேண்டியிருந்தது. மார்லிஸ் பட்டியலில் தன் கையெழுத்தை அடித்தார்.

தட்டையும் முட்டையையும் எடுத்துக்கொண்டு ஆர்விட் கனடாக்காரி நெட்டி பெட்ரிஷின் வீட்டுக்குப் போனார். நெட்டி இரண்டையும் அன்போடு வாங்கிக்கொண்டு, உறையவைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை நாற்பத்தெட்டும், மேலே ஒரு ஜாடி பீட்ரூட் ஊறுகாயும் தந்தார்.

ஆர்விட் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. தெருவில் நடந்தபடியே மாநிலங்களைச் சொல்லிப் பார்த்தார். நாற்பத்தேழு.

இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் தேவாலயக் கூடத்துக்கு வண்டியை ஓட்டினார். கதவில் பூட்டு. அங்கே பரிமாறுகிறவர்களும் வடக்கே போய்விட்டார்களாம். அடுத்ததாக ஒரு தந்திரம் செய்தார். வீட்டுக்கு வந்து கொழுக்கட்டைகளை மார்லிஸின் நீலப் பாத்திரத்தில் போட்டு, ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு, காலனிப் பொதுக்கூடத்துக்குப் போய்ச் சீட்டாடும் மேஜையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்துவிட்டார். நாய்க்குட்டியை ஊர் எல்லையில் விட்டுவிட்டு வந்தவரைப் போல் மனம் குறுகுறுத்தாலும் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. நெட்டி நின்றார். கையில் நீலப் பாத்திரம், அதன்மேல் ஊறுகாய் ஜாடி. அந்தக் காலனியில் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் சொந்தக்காரர் பெயர் ஒட்டியிருக்கும் என்பதை ஆர்விட் மறந்துபோயிருந்தார்.

“மார்லிஸ், என்ன மனசு உனக்கு. நான் உங்களுக்குக் குடுத்தத ஊருக்கே வெச்சிருக்க” என்றார் நெட்டி. “ஆனா கூடத்துல ஈ காக்கா இல்லடி. எல்லாரும் போயாச்சு. வீணாப் போயிருமேன்னு எடுத்தாந்தேன். வழிக்கு இந்த வாழைப்பழ ரொட்டியும் வெச்சுக்க. ரெண்டு இருக்கு.”

நெட்டி போனபிறகு மார்லிஸ் கைப்பையைத் திறந்தார். வீடு விற்றுத் தரும் ஏஜெண்டின் அட்டை ஒன்றை எடுத்தார். அதைக் காந்தத்தால் ஃப்ரிட்ஜ் கதவில் பொருத்தினார். திட்டியிருந்தால் ஆர்விட்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆறு மணிக்கு ஹார்லன் வந்தார். இரண்டு கையிலும் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டு. வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

“காலைலேருந்து அடுப்புலயே இருந்துச்சுய்யா. நாங்க ரெண்டு பேரும் எவ்வளவுதான் தின்னுவோம்? பாதி உங்களுக்கு. இது குழம்பு. இது மசிச்ச உருளைக்கிழங்கு.”

உறைந்து போன வான்கோழி வெந்து திரும்பி வந்துவிட்டது.

ஆர்விட் ஃப்ரிட்ஜைத் திறந்தார். காலையில் காலியாக இருந்த ஃப்ரிட்ஜ் இப்போது கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி இருந்தது. மார்லிஸ் அவர் பின்னால் வந்து நின்றார்.

“காலையில ஒரு கோழிதான் இருந்துச்சு” என்றார்.

“தெரியும்.”

“நல்லவேள, இதாவது ஞாபகம் இருக்கு.”

அதற்குமேல் ஆர்விட் யோசிக்கவில்லை. கொட்டகையிலிருந்து ஒற்றைச் சக்கர மண் வண்டியை எடுத்துவந்தார். கோழி, குழம்பு, கிழங்கு, கொழுக்கட்டை, ஊறுகாய், ரொட்டி எல்லாவற்றையும் ஏற்றினார். எதிர்வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

ரூடி கோவாஷ் வாசலில் இரும்புத் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். போன ஜூனில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மகன் வந்து அவசரமாக மொன்டானாவுக்குத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்தத் தடிதான் துணை.

“எல்லாம் எனக்கா?” என்றார் ரூடி.

“எல்லாம் உனக்குத்தான்.”

“பதிலுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லையேய்யா.”

ஐம்பது வருடத்தில் மார்லிஸ் சொன்ன எந்த அன்பான வார்த்தையும் ஆர்விட்டை இவ்வளவு உருக்கியதில்லை. “ஒண்ணும் வேண்டாம் ரூடி. தயவுபண்ணி ஒண்ணும் குடுத்துடாத” என்றார்.

ஆனால் ரூடியின் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது அவருக்குப் பகீரென்றது. விரல் நுழைய இடமில்லை. தெருவில் கிளம்பின அத்தனை பேரும் அங்கேதான் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“இடத்தப் பத்தி நீ கவலப்படாத. மேஜைல வெச்சுட்டுப் போ. அதுக்கு நம்மகிட்ட ஒரு வழி இருக்கு” என்றார் ரூடி.

என்ன வழி என்று கேட்கும் நிலையில் ஆர்விட் இல்லை. வண்டியைக் கவிழ்க்காத குறையாக எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, வீட்டு மாற்றுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். வரும்போது சீட்டியடித்தார்.

மறுநாள் விடிகாலையில் மார்லிஸ் டார்ச் அடித்துப் பார்க்க, ஆர்விட் ஃப்ரிட்ஜைத் துடைத்தார். ப்ளக்கைப் பிடுங்கிச் சிவப்புக் கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டார். உள்ளே காற்று போகட்டும் என்று கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகினார். மார்லிஸ் அதை ஃபோனில் படம் எடுத்தார். முப்பத்தொன்பதில் மறுபடியும் கையெழுத்துப் போட்டார். ஏஜெண்டின் அட்டையை எடுத்து நான்காகக் கிழித்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார், குப்பைக்கூடையும் காலியாக இருக்க வேண்டுமே.

மூன்று மணி நேரம் கழித்து, வடக்கே மலைமேல் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கம் பைன் மரங்கள் தெரிய ஆரம்பித்தன. ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த காற்று. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இருவரும் காப்பி குடித்தார்கள்.

“போன வருஷம் நான் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன்” என்றார் மார்லிஸ், காப்பியைப் பார்த்துக்கொண்டே.

ஆறு மாதமாகத் தான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை இப்போது ஒப்புக்கொண்டால் என்ன என்று ஆர்விட்டுக்குத் தோன்றியது. இத்தனை நல்ல காலையில் ஒரு மனிதன் தோற்றுப்போனால் குறைந்தா போய்விடும்?

“இல்ல மார்லிஸ். நீ சொன்னது சரிதான். நான்தான் மறந்திருப்பேன். கயிறு கட்டினதா நானே கற்பனை பண்ணிக்கிட்டேன் போல.”

மார்லிஸ் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

ஃபோன் மணியடித்தது. ரூடி. இருவரும் கேட்கட்டும் என்று ஆர்விட் ஸ்பீக்கரில் போட்டு வண்டியின் முன்பலகை மேல் வைத்தார்.

“ஆர்விட், போன வருஷம் மாதிரியே அந்தச் சிவப்புக் கயித்த அவுத்து, ப்ளக்க மாட்டி, தெருவோட சாப்பாட்ட பூரா உன் ஃப்ரிட்ஜுல அடுக்கிட்டேன்யா. எல்லாம் சரி, கதவுல ஒரு மரக்கரண்டி செருகி வெச்சிருக்கியே, அது எதுக்கு?”