கட்டைவிரலால் காத்த குழாய்

இரும்பைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது ஆண்பிள்ளைத் தைரியம்தான். என்னுடையது பொடிப்பொடியாக உதிர்ந்ததைத் திருவொற்றியூர்க் கடற்கரையில் ஒருத்தி கண்ணால் பார்த்தாள்.

ஐம்பதுகளின் தொடக்கம். உப்புக்காற்று ஆணியைக்கூட விட்டுவைக்காத கரை. கடலிலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போகும் இரண்டு குழாய்களில் துருவைச் சுரண்டி, சூடான தார் பூசி, கோணித்துணி சுற்றும் வேலை. நான் புது மேற்பார்வையாளன். (அதாவது, குடை பிடித்து நிற்பவன்.)

"சோத்துக்கைப் பக்கம் கிர்ஷ்ணாயிலு, பீச்சாங்கைப் பக்கம் நெருப்பு அணைக்கிற கடல்தண்ணி. நாங்க வர்ற வரிக்கும் எதையும் தட்டாத, நைனா" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ஆட்களோடு சாப்பிடப் போனார். தார் இறுகிவிடுமென்று அடுப்பை மட்டும் எரியவிட்டுப் போவது அவர்கள் வழக்கம்.

எனக்குச் சும்மா நிற்க வராது. வலப்பக்கக் குழாயில் ஒரு செதிலைச் சுத்தியலால் தட்டினேன். விழுந்தது துரு அல்ல, குழாய். (அந்த இடத்தில் துருதான் குழாயாக இருந்திருக்கிறது.) சர்ரென்று பீறிட்டது. கட்டைவிரலைச் சொருகினேன். சட்டை சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. பத்தடி தள்ளித் தார் அடுப்பு நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒரு பொறி போதும். ராயபுரம் வரை வெளிச்சமாகிவிடும். தார்ப்புகையில் மூக்கு செத்திருந்தது. நாக்கு அதற்கும் முன்பே.

மீன்கூடையோடு ஒரு பெண் வந்தாள்.

"இன்னா நைனா, குயாய்ல வெரல வுட்டுக்கினு குந்திகினுகீற?"

"நெருப்பு... அணை..."

"அதுக்கு இன்னாத்துக்கு அயுவுற?" என்றவள், என் கையைத் தட்டிவிட்டு, மீன் கழுவும் குண்டானைப் பீறலுக்கு நேரே பிடித்தாள். நிரம்பியதும் அடுப்பை நோக்கி நடந்தாள்.

"ஐயோ, ஊத்தாதே! மண்ணெண்ணெய்!"

ஊற்றிவிட்டாள். நான் மணலில் குப்புற விழுந்து, அம்மாவையும் அத்தனை சாமிகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன்.

புஸ்ஸ்.

அவ்வளவுதான். தலை தூக்கினால் வெள்ளைப் புகை.

"கிர்ஷ்ணாயிலா? உப்புத்தண்ணி நைனா இது! மோந்துகூட பாக்கலியா?"

மேஸ்திரி கடலைப் பார்த்து நின்று பக்கம் சொல்லியிருக்கிறார். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தட்டியிருக்கிறேன்.

கதை எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கும் தந்தி வந்தால் எங்கள் வீட்டில் யாரும் உடனே பிரிப்பதில்லை. என் மகள் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு அறிவிப்பாள்:

"பயப்படாதீங்கப்பா, உப்புத்தண்ணிதான்!"