துணிக்கு இரண்டு மணி நேர ஓய்வு

"என்ன மாஸ்டர், துணியையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? மணி எட்டேகால்!"

பின்னால் வந்து நின்ற முதலாளியம்மாவின் பக்கம் திரும்பாமலே கட்டிங் மாஸ்டர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். மேஜைமேல் சீருடைத் துணி எட்டு அடுக்காக விரிந்து கிடந்தது. பக்கத்திலேயே பெரிய கத்தரி. அதை எடுக்கத்தான் வழியில்லை. விரல் பத்தும் விறைத்துப்போய், மடக்கு என்றால் மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தன.

முடக்குவாதம் என்று டாக்டர் போன வாரம்தான் பெயர் வைத்திருந்தார். "இது முழுசாப் போகாது. மாத்திரையில கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். காலையில ரெண்டு மணி நேரம் விரல் சொன்ன பேச்சு கேக்காது, அப்புறம் சரியாயிடும்" என்றவர், "ஆமா, என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் காது கேட்காதவர்போல எழுந்து வந்துவிட்டார்.

வேலை என்றால் சாதாரண வேலையா? பதினாறு வருஷம். அந்தத் தையல் கூடத்தில் இருபது மெஷின் ஓடுகிறதென்றால் இவர் வெட்டிக் கொடுப்பதால்தான் ஓடுகிறது. இதை மற்றவர்கள் சொல்லக் காத்திராமல் அவரே தினமும் சொல்லிக்கொள்வார். ஆனால் இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில், மூச்சிரைப்பு வந்த பட்டன்காரரை "ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள். அவர் ரெஸ்ட் எடுத்துவிட்டு வந்தபோது, அவர் நாற்காலியில் வேறு ஆள் இருந்தான். அந்த மாதிரி அன்பு தனக்கு வேண்டாம் என்பது மாஸ்டரின் முடிவு.

"மாஸ்டர், உங்களைத்தான் கேக்கறேன்."

"துணி களைச்சிருக்கும்மா" என்றார் மாஸ்டர்.

"என்னது?"

"களைச்சிருக்கு. ரோல்ல மாசக்கணக்கா இழுத்துப் பிடிச்சுச் சுத்தி வெச்சிருக்காங்க இல்ல? பிரிச்ச உடனே வெட்டினா, தண்ணில போட்டதும் சுருங்கிடும். ரெண்டு மணி நேரம் சும்மா கிடக்கட்டும். பத்து மணிக்கு வெட்டறேன்."

முதலாளியம்மா இந்தக் கூடத்தைக் கணவர் போன பிறகு எடுத்து நடத்துகிறவர். கணக்கில் புலி, துணியில் எலி என்பது மாஸ்டரின் கணிப்பு. அவர் துணியைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். "பதினாறு வருஷமா களைக்காத துணி இன்னிக்கு ஏன் களைச்சுது?"

"இப்பல்லாம் நூலே சரியில்லம்மா."

நூலின்மேல் பழி போட்டுத் தப்பியாயிற்று. பத்து மணிக்கு விரல்கள் இளகின. பதினொன்றுக்குள் மொத்தத்தையும் வெட்டித் தள்ளிவிட்டு, மாஸ்டர் மீசையை நீவிக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏங்க, நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

"நாளைக்கும் துணி களைச்சிருக்கும்."

"நாளன்னிக்கு?"

"அது பரம்பரைச் சோம்பேறித் துணி. விடு."

"அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லித் தொலைங்களேன். மனுஷிதானே அவங்களும்?"

"மனுஷிதான். முதலாளியும்தானே?" என்றார் மாஸ்டர்.

மறுவாரமே கூடத்தில் பலகை ஒன்று தொங்கியது. 'துணி ஓய்வில் இருக்கிறது. பத்து மணி வரை யாரும் தொடக் கூடாது.' முதலாளியம்மாவே கைப்பட எழுதியது. தையல்காரர்களுக்கு முதல் நாள் வெட்டியது கையிருப்பில் இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் மேஜைப் பக்கம் போகும்போது ஏனோ எல்லோரும் அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். ஒருநாள் மாஸ்டர் வாய் சும்மா இல்லாமல், "காத்து பட்டா இன்னும் நல்லா இளகும்" என்று சொல்லிவைக்க, மறுநாளே துணிக்கு ஒரு மின்விசிறி வந்துவிட்டது.

"நாங்க வேர்த்துக் கொட்டறோம், துணிக்கு ஃபேனா?" என்று காலர் தைக்கிறவர் சண்டைக்கு வந்தார்.

"நீங்க சுருங்கினா வாங்கினவங்க திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்றார் முதலாளியம்மா.

விசிறி தந்த குளிரில் மாஸ்டரின் விரல்கள் பத்தரை வரை இளகவில்லை. தன் வாயைத் தானே திட்டிக்கொண்டு, இஸ்திரி மேஜைமேல் உள்ளங்கையை வைத்து நின்றார்.

"அங்க என்ன பண்றீங்க மாஸ்டர்?"

"சூடு பார்க்கறேன்மா."

மறுநாள் முதல் இஸ்திரி மேஜை கட்டிங் மேஜைக்குப் பக்கத்திலேயே போடப்பட்டது. முதலாளியம்மாவை இவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிவது மாஸ்டருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. இதில் வேடிக்கை, சீருடை சுருங்குகிறது என்று அதுவரை அடிக்கடி வந்த புகார் நிஜமாகவே நின்றுபோனது! மாஸ்டர் முதலில் திகைத்தார். பிறகு, தான் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கும்போலிருக்கிறது என்று சமாதானமானார். கேட்கிறவர்களுக்கெல்லாம் துணியின் மனநிலையைப் பற்றி விளக்கவும் ஆரம்பித்தார்.

விளக்கம் வெளியே பரவியது. மற்ற தையல் கூடத்து முதலாளிகள் மூன்று பேர் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொன்னேன் மாஸ்டர். அவங்க என்னடான்னா, எட்டு மணிக்குக் களைச்ச துணியில ஒண்ணு, பத்து மணிக்கு ஓய்வெடுத்த துணியில ஒண்ணு வெட்டித் தண்ணியில போட்டுக் காட்டணும்ங்கறாங்க. முடியாதுன்னு சொல்லிடவா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அந்த இடத்தில் தலையை ஆட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் 'முடியாது' என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் முடியாது? வெட்டறது யாரு? நானாச்சே! எட்டு மணிக்கே வரச் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாஸ்டர்."

"யோசிக்க என்னம்மா இருக்கு?"

தெருவுக்கு வந்த பிறகுதான் என்ன இருக்கிறது என்று புரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கை ஓடாததுதானே பிரச்சினையே!

மறுநாள் விடிந்ததிலிருந்து மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கைகளை முக்கி முக்கி எடுத்ததில் தோல்தான் சிவந்தது, விரல் அசையவில்லை. வழி முழுக்கக் கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டு போனார். எட்டுக்குக் கூடமே மேஜையைச் சுற்றி நின்றது. விருந்தாளிகளில் கண்ணாடி போட்டவர் கையில் அளவு நாடாவோடு தயாராக இருந்தார். துணி விரிக்கும் அக்கா, ரோலைப் பிரித்து எட்டு அடுக்கு விரித்துவிட்டு ஒதுங்கினாள்.

மாஸ்டர் கத்தரியை எடுத்தார். எடுத்தாரா, அது நழுவியது. மறுபடி எடுத்தார். கட்டைவிரல் வளையத்துக்குள் போகவில்லை. மூன்றாவது முறை கத்தரி தரையில் விழுந்தது.

"இன்னிக்கு மாஸ்டரும் களைச்சிருக்காரா?" என்று கண்ணாடிக்காரர் சிரித்தார்.

மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. நிமிர்ந்து நின்றார்.

"ஆமா சார், களைப்பு எனக்குத்தான். துணிக்கு ஒண்ணுமில்ல. மூணு வருஷமா எனக்கு முடக்குவாதம். காலையில கை வராது. வேலை போயிடுமேன்னு பயந்து துணி மேல பொய் சொன்னேன். ஆனா ஒண்ணு. நான் வெட்டத் தெரியாதவன் இல்ல, எட்டு மணிக்கு வெட்ட முடியாதவன். பத்து மணிக்கு என்னை மாதிரி வெட்டற ஆள் ஒருத்தரைக் காட்டுங்க, நானே கத்தரியைக் கொடுத்துட்டுப் போறேன்!"

சொல்லி முடித்ததும்தான், பத்தொன்பது வருஷத்தையும் ஒரே மூச்சில் வெட்டி எறிந்துவிட்டோம் என்று தோன்றியது. முதலாளியம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலாளியம்மா குனிந்து கத்தரியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"இருக்கும்மா."

"கொண்டுவந்து ஃபைல்ல வைங்க. இனிமே உங்க வேலை நேரம் பத்துலேருந்து. ஆஸ்பத்திரி போற நாளெல்லாம் வேலை நாள்தான். இன்னிக்கே எழுத்துல தர்றேன். நாளைக்கு எனக்கே புத்தி மாறினாலும் உங்க வேலை மாறக் கூடாது."

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் விரல் வரவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "மூணு வருஷமா உங்களை ஏமாத்திட்டேனேம்மா. அந்தப் பலகையை நானே கழட்டிடறேன்" என்றார்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார் முதலாளியம்மா.

கண்ணாடிக்காரர் மட்டும் விடுவதாயில்லை. "இருங்க, இருங்க. ஓய்வுங்கறது பொய்னா, துணி சுருங்கறது நிஜமா எப்படி நின்னுச்சு?"

மாஸ்டரும் அதையே கேட்கும் முகத்தோடு திரும்பினார். முதலாளியம்மா திடீரென்று மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார். தையல்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

துணி விரிக்கும் அக்காவுக்குத்தான் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு மணி நேரமெல்லாம் எந்த மூலைக்கு மாஸ்டர்? ஒரு ராத்திரி பூரா கிடக்கணும்னு அம்மா முதல் வாரமே மில்லுல கேட்டுட்டாங்க. மூணு வருஷமா சாயங்காலம் நீங்க கிளம்பினதும் விரிச்சு வெச்சு, காலையில நீங்க வர்றதுக்குள்ள உங்களுக்குத் தெரியாம மறுபடி தளர்வாச் சுருட்டி வெக்கறேனே, இனிமேலாவது அந்தச் சுருட்டற வேலையை நான் விட்டுடலாமா?"