விற்பதாகச் சொன்ன வண்டி

பொய் சொல்லிவிடுவது என்று வரைபடக்காரர் முடிவு செய்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து சின்னச் சின்னதாக எத்தனையோ சொல்லிப் பிடிபட்டிருக்கிறார். இந்தத் தடவை பெரிதாக ஒன்று. பிடிபடாத மாதிரி ஒன்று.

விஷயம் இதுதான். அவருக்கு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. ஊர்ப்பட்ட சாலைகளெல்லாம் அவர் பேனா நுனியில் வளைந்து நெளிந்து ஓடும். அவர் மட்டும் வீடு விட்டால் அலுவலகம், அலுவலகம் விட்டால் வீடு. சமீபத்தில் ஒரு கடலோரச் சாலையை வரைந்தார். மலையைச் சுற்றி இறங்கி, அலையை ஒட்டியே ஓடி, ஒரு கலங்கரை விளக்கத்தின் காலடியில் போய் முடிகிற சாலை. வரைந்து முடித்ததும் மனசு கெட்டுப்போய்விட்டது. செத்துப் போவதற்குள் அதில் ஒருமுறை வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். தனியாக. பின்னால் யாரும் உட்கார்ந்து முதுகில் குத்தாமல்.

வண்டி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய மோட்டார் சைக்கிள். மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கைப்பிடியில் மனைவி ஈரத்துணி காயப்போடுவாள். சீட்டில் ஏறி இரட்டைப் பயல்கள் குதிரை விடுவார்கள். கடைசியாக அவர் அதில் வெளியூர் கிளம்பியபோது, போகும்போது வண்டி அவரைச் சுமந்தது. வரும்போது லாரி இரண்டு பேரையும் சுமந்தது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மனைவி இன்னமும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆகவே உண்மையைச் சொன்னால் பயணம் வாசலிலேயே முடிந்துவிடும்.

பொய் சொல்வதும் லேசில்லை. மனைவிக்கு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. நாள் முழுக்கப் பொய்ச் சாட்சி கேட்டுக் கேட்டு எழுதுகிறவள். சாட்சி எந்த வார்த்தையில் தடுமாறினான், எந்த இடத்தில் எச்சில் விழுங்கினான் என்பதுவரை அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்தப் பழைய வண்டியை வித்துடலாம்னு பாக்குறேன்."

"நிஜமாவா?"

"ஆமா. எனக்கும் வயசாகுது. இனிமே ஓட்டப்போறதில்ல."

"வண்டியையா, என்னையா?"

"ரெண்டையும்தான். ஆனா இப்படியே வித்தா பழைய இரும்புக்காரன்கூடத் தொடமாட்டான். கொஞ்சம் செலவு பண்ணி ஓடுற நிலைமைக்குக் கொண்டுவரணும். அப்புறம் நல்ல ஆளா வந்தா கண்ணை மூடிட்டுக் கொடுத்துடலாம்."

எச்சில் விழுங்காமல் சொல்லி முடித்தார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல யோசனைங்க" என்றாள்.

அங்கேதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. அவர் சொன்ன எந்த யோசனையையும் அவள் நல்ல யோசனை என்று சொன்னதே கிடையாது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். தார்ப்பாயை விலக்கினார். நாள் எண்ணிக்கொண்டிருக்கும் நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். ஏர் ஃபில்டரில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி ஒட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச் கேபிள் நூலாக இளைத்திருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நைசாகச் சொன்னார்.

"புதுசா ஒரு செயின் வாங்கணும்மா."

"எத்தனை பவுன்ல?"

"வண்டிக்கு."

"அதானே பாத்தேன். சரி, வாங்குங்க. கூடவே பல்சக்கரத்தையும் மாத்திடுங்க. பழைய பல்லுல புதுச் செயினைப் போட்டா சீக்கிரம் தேஞ்சுடும்."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. பல்சக்கரமா? சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாத இவளுக்குப் பல்சக்கரம் எங்கிருந்து வந்தது?

"உனக்கு யாரு சொன்னா?"

"கோர்ட்ல ஒரு விபத்துக் கேஸ். நான்தானே எழுதினேன்."

நம்பும்படிதான் இருந்தது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்து டயர். அதை எப்படிக் கேட்பது என்று இரண்டு நாளாக அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அவளே முந்திக்கொண்டாள்.

"டயர் ரெண்டும் சுத்த வழுக்கைங்க. அதுக்கு உங்க தலை தேவலை. புதுசாப் போட்டுடுங்க."

"விக்கிற வண்டிக்கு எதுக்கும்மா?"

"வாங்குறவங்க உசுரு உசுரில்லையா? அப்படியே ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டிடுங்க. ஹெட்லைட்டும் மின்மினிப்பூச்சி மாதிரி இருக்கு."

"அதெல்லாம் வேண்டாம்மா" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது அவருக்கு. மனசுக்குள் ஏங்கிக்கொண்டிருந்த ஒவ்வொன்றையும் வாயால் வேண்டாம் என்றார். அவள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெட்டி வந்தது. பளிச்சென்று எரிகிற ஹெட்லைட் வந்தது. ஆசைப்பட்டதெல்லாம் கேட்காமலே கிடைக்க, மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை.

வேவு பார்க்க ஆரம்பித்தார். அவள் பால்கனியில் நின்று போனில் பேசினாள், சிரித்தாள். இவர் தலையைக் கண்டதும், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். யார் என்றால், "ராங் நம்பர்." ராங் நம்பரோடு அரைமணி நேரமா சிரிப்பார்கள்?

நேராகப் பட்டறைக்குப் போனார்.

"எங்க வீட்டம்மா இந்தப் பக்கம் வந்தாங்களா?"

மெக்கானிக் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "வந்தாங்களே சார். பின்சீட்டு கல்லு மாதிரி இருக்கு, பஞ்சு மாத்துங்கன்னாங்க. மாத்தினதும் ஏறி உக்காந்து பாத்தாங்க. இப்பதான் சரியா இருக்குன்னாங்க."

புரிந்துவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டு, கூட வரப் பார்க்கிறாள்! கலங்கரை விளக்கம் கண்ணெதிரே மங்கியது. போகிற வழியெல்லாம் முதுகில் குத்து விழுவது இப்போதே வலித்தது. இருந்தாலும், நம்மோடு வர இவ்வளவு ஆசையா என்று ஓரத்தில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சோதித்துப் பார்த்தார்.

"வண்டி ரெடியானதும் என்கூட ஒரு ரவுண்டு வரியாம்மா?"

"உங்க பின்னாடியா?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அடுத்த ஜென்மத்துலகூட உக்கார மாட்டேன்."

அந்தச் சிரிப்பில் பொய்யே இல்லை. பெருமை போய்விட்டது. சந்தேகம் மட்டும் இரட்டிப்பாகித் திரும்பி வந்தது. இவர் பின்னால் உட்காராதவளுக்குப் பின்சீட்டில் பஞ்சு எதற்கு?

இனித் தாமதித்தால் ஆபத்து என்று அவசரமாகத் திட்டத்தை முடுக்கினார். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அலுவலக வேலையாக வெள்ளிக்கிழமை வெளியூர் சர்வேக்குப் போகிறேன், வாங்கப்போகிறவர் ஓட்டிப்பார்க்க வண்டியை அவரிடம் விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன் என்றார். திரும்பி வந்து, "அவருக்குப் பிடிக்கலையாம்" என்று முடித்துவிட வேண்டியதுதான்.

"போய்ட்டு வாங்க" என்றாள். ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. கோர்ட்டில் வேலை பார்க்கிறவள்!

வெள்ளிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படியில் கால் நின்றுவிட்டது. வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. இரண்டு பெட்டியும் நிறைந்து பிதுங்கின. பக்கத்தில் ஹெல்மெட்டும் கையுமாகக் கொழுந்தியாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். யாரையும் ஊடுருவிப் பார்த்துத்தான் பேசுவாள்.

"வாங்க மாமா. வண்டி சூப்பர்."

"நீ... நீ எங்க இங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது. "வண்டி வாங்க வந்திருக்கா" என்றாள் மனைவி.

"இவளா? ஒருத்தர் ஏற்கனவே..."

"'நல்ல ஆளா வந்தா கண்ணை மூடிட்டுக் கொடுத்துடலாம்.' நீங்க சொன்ன வார்த்தை, ஒரு எழுத்து மாத்தல. என் தங்கச்சியவிட நல்ல ஆள் உண்டா? கண்ணை மூடுங்க."

"வேலை இன்னும் முழுசா முடியலையேம்மா..."

"எல்லாம் முடிஞ்சுது மாமா" என்றாள் கொழுந்தியாள். "பல்சக்கரம், டயர், பெட்டி, லைட்டு. அக்காகிட்ட போன்ல ஒண்ணொண்ணாச் சொன்னேன். சொன்னபடியே பண்ணியிருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

ராங் நம்பர் இவள்தான். வரைபடக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். விற்கிற எண்ணமே இல்லை என்று சொன்னால் இத்தனை நாளும் புளுகியது வெளியே வந்துவிடும். புளுகைக் காப்பாற்றினால் வண்டி போய்விடும். நாலு பேர் முன்னால் பிடிபட்ட சாட்சி மாதிரி எச்சில் விழுங்கினார். சாவி தானாகக் கைமாறியது.

கொழுந்தியாள் ஒரே உதை. அவரிடம் எப்போதும் ஏழெட்டு உதை கேட்கிற வண்டி, இவளுக்கு முதல் உதையிலேயே திடுதிடுவென்று உயிர் பெற்றது. துரோகி. மனைவி இன்னொரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, புதுப் பஞ்சு போட்ட பின்சீட்டில் சௌகரியமாக ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க போற?"

"கடலுக்குங்க. எத்தனை வருஷமாக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டிருப்பேன்? லீவே கிடைக்காதுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. உங்களை ஏன் கஷ்டப்படுத்தணும்?"

"கலங்கரை விளக்கம் இருக்கிற ரோடா?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"அதேதான் மாமா. நீங்க வரைஞ்ச மேப்தான் வெச்சிருக்கோம். கண்ணாடி மாதிரி இருக்கு."

மலையிறக்கத்தில் மணல் சேர்கிற வளைவு ஒன்று உண்டு. மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதையும் சொல்லித் தொலைத்தார். இருவரும் பொறுப்பாகத் தலையாட்டினார்கள். அப்போதுதான் கடைசியாக ஒரு துருப்புச்சீட்டு கையில் இருப்பது ஞாபகம் வந்தது. பையை உயரத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாம் சரி, பசங்களை யாரு பாத்துக்கறது? நான் சர்வேக்குப் போயாகணுமே!"

மனைவி ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "உங்க ஆபீஸ்ல விசாரிச்சேங்க. சர்வேன்னு எதுவும் இல்லையாம், நீங்க பத்து நாள் லீவுதான் போட்டிருக்கீங்களாம். எட்டு மணிக்குப் பசங்களை எழுப்பிடுங்க."