வலி தெரியாதவனின் வயிற்றெரிச்சல்

15-3-96, காலை ஏழு மணி

பாரிவாக்கம் செங்கல்வராயன் மச்சான் அவர்களுக்கு, ஆவடி குவார்ட்டர்ஸ் உத்தமன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் ரொம்பச் சௌக்கியம். என் வழக்கே அதுதான்.

செவ்வாய்க்கிழமை என் விலாப்பக்கம் பிளந்து, இடது நுரையீரலில் கெட்டுப்போன கீழ்ப்பாகத்தை எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு தையல், மச்சான். ஆனால் ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். விலா நரம்புகளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைச் சொருகி, எட்டு மணி நேரத்துக்கொரு தரம் அதில் மரத்துப்போகிற மருந்தை விடுகிறார்கள். வெகுநேரம் நிற்கிற மருந்தாம். வலி இல்லையென்றால் நன்றாக இருமலாம், இருமினால் சளி தங்காது என்கிறார் பெரிய டாக்டர். படிக்கிற பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டிவந்து, "உத்தமன், இருமுங்க" என்பார். நான் இருமுவேன். கை தட்டாத குறைதான். நேற்று எங்கள் ஃபேக்டரி தேவராஜ் பார்க்க வந்தான். "இன்னா நைனா, ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அடுத்த கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த கட்டிலில் இருப்பவன் துலுக்கானம், அயனம்பாக்கத்துக்காரன். அதே நாள், அதே ஆப்பரேஷன். என் மருந்து அவன் உடம்புக்கு ஒத்துக்காதாம், வெறும் வலி ஊசிதான். "யம்மாடி, உசுரு போவுதே"ன்னு அவன் முனகினா போதும், வார்டே அங்க கூடிடுது. உங்க தங்கச்சி பார்வதம் இருக்காளே, தினம் ரயில் புடிச்சு வர்றா, என்னை ஒரு பார்வை பாத்து, "நீ நல்லாத்தான கீறே?"ங்கறா. அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்து அவன் பக்கம் போட்டுக்கறா. அவன் இரும பயப்படறானாம். தலையணையை மடிச்சு அவன் நெஞ்சோட அணைச்சு, "மெதுவா இருமு அண்ணாத்தே, நான் புடிச்சுகினு கீறேன்"ங்கறா. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல எனக்கு ஒரு தலையணை மடிச்சிருப்பாளா? வயிறு பத்தி எரியுது மச்சான். நேத்து நானும் முனகிப் பார்த்தேன். நர்ஸம்மா ஓடிவந்து குழாயில மருந்து விட்டாங்க. இருந்த கொஞ்சநஞ்ச வலியும் போச்சு.

அதனால் இன்று காலை ஆறு மணி மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வேணாங்க, அவஸ்தைப்படுவீங்க" என்றார்கள் நர்ஸம்மா. கட்டினவள் திரும்பிப் பார்க்காத சுகம் எனக்கெதற்கு? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, உங்கள் தங்கையைக் கண்டித்து, ஸ்டூலை இந்தப் பக்கம் போடவைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயசு நன்றாக இருமி, வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மறந்துபோன அவள் புருஷன்,
உத்தமன்

பின்குறிப்பு: வணக்கங்க. இது துலுக்கானம் எழுதறது. பத்து மணிக்கு மேல உத்தமன் அண்ணாத்தேயால பேனா புடிக்க முடியலே. அவரு போட்ட கூச்சல்ல கீழ் மாடி ஆளுங்கல்லாம் மேல ஓடியாந்துட்டாங்க. அண்ணி வந்து பாத்து ஆடிப்பூட்டாங்க. மருந்து வேணாம்னாருன்னு நர்ஸம்மா சொன்னதும் அழுதுகினே திட்டினாங்க பாருங்க: "அட பாவி மனுசா! நீ வலியில்லாம சிரிச்சுகினு கீறியேன்னுதான்யா நான் அடுத்தவங்களப் பாத்தேன். எனக்கு மூணு நாளா சோறு எறங்குனதே அதனாலதான்." இப்ப மருந்து விட்டாச்சு. தூங்கறதுக்கு முன்னால, மேல எழுதினதையெல்லாம் அடிச்சுடு, மச்சான் வரவேணாம்னு எழுதிடுன்னாரு. ஆனா நீங்க கண்டிப்பா வாங்க. அண்ணி அவரு கையப் புடிச்சவங்க இன்னும் வுடலே. இதுங்க ரெண்டையும் பாத்துகினே நான் மட்டும் எம்மாம் நேரம் தனியா படுத்துகினு கெடக்கறது?