பெட்டி ஈரம், விளக்கம் தேவை

இனி வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். சூடம் அணைத்தே சொல்லியிருக்கலாம். அமெரிக்க வீட்டுக்குள் சூடம் கொளுத்தினால் ஸ்மோக் அலாரம் அலறி, ஃபயர் இன்ஜின் வாசலில் வந்து நிற்கும். ஆகவே இதை வெறும் வாயால் செய்த சத்தியமாக ஏற்றுக்கொள்ளவும்.

லிவர்மோர் மலைச்சரிவில், ஓர் ஓக் மரப் பொந்துக்கு முன்னால் நஞ்சுண்டன் மண்டியிட்டிருந்தான். கையில் பிளாஸ்டிக் டப்பா. காலையிலிருந்து தேடியது. துள்ளிக் குதித்திருக்க வேண்டிய நேரம். பின்னால் குமாரசாமி அங்கிள் நின்றதால் முடியவில்லை.

"தம்பி, இத இங்க வெச்சது ஆருங்?"

"தெரியாது அங்கிள். அதுதான் கேமே."

லெட்டர்பாக்ஸிங் என்பது இவ்வளவுதான். முகம் தெரியாத யாரோ ஒருவர் காட்டில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இன்டர்நெட்டில் க்ளூ போடுவார். டப்பாவுக்குள் அவரே செதுக்கிய ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றும் குட்டி நோட்டு ஒன்றும் இருக்கும். கண்டுபிடிப்பவர் அந்த ஸ்டாம்பைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் ஸ்டாம்பை அந்த நோட்டில் குத்திவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை போகும்.

"அப்பாவுக்கு வீட்ல செம போர் நஞ்சு. வீக்கெண்ட்ல கூட்டிட்டுப் போயேன்" என்று சன்னிவேலில் பக்கத்து வீட்டில் இருக்கும் ரஞ்சித்குமார் கேட்டபோது, நஞ்சுண்டன் யோசிக்காமல் தலையாட்டியிருந்தான். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்த மனிதர்; கூட வந்து காற்று வாங்கிவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தான்.

அங்கிள் நோட்டைப் பிரித்துப் பார்த்தார். "சீல் இருக்குது, செரி. தேதி எங்க? குத்துனவங்க கையெழுத்து எங்க? தேதியில்லாத சீல் செல்லாதுங் தம்பி."

"இது வெளையாட்டு அங்கிள்."

"சீல் விசயத்துல என்னங் வெளையாட்டு?"

பாறைமேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த நோட்டிலேயே எழுதினார்: 'பார்வையிடப்பட்டது. பெட்டி ஈரமாக உள்ளது. பொறுப்பாளரிடம் விளக்கம் பெறப்பட வேண்டும்.' அடியில், நசுக்கிய கொசுவைப் போல ஒரு கையெழுத்து.

தாசில்தார்தான், சந்தேகமே இல்லை என்று நஞ்சுண்டன் முடிவு கட்டினான். வேறு யாருக்கு இப்படி எழுத வரும்?

அடுத்த வாரம், தேதி தேதி என்று கேட்டு உயிரை எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு தேதி ஸ்டாம்பும் இங்க் பேடும் வாங்கிக் கொடுத்தான். அங்கே பிடித்தது சனி. அன்றிலிருந்து அங்கிள் கண்ணில் பட்ட ஒவ்வொரு டப்பாவிலும் தேதியும் குறிப்பும் விழுந்தன. 'மூடி சரியில்லை.' 'பென்சில் முனை மழுங்கியுள்ளது.' 'எறும்பு உள்ளது. கண்டிக்கத்தக்கது.'

லெட்டர்பாக்ஸிங் குழுவின் தலைவி டோரிஸ், அந்தக் குறிப்புகளில் ஒன்றை போட்டோ எடுத்து, "இந்த அழகான எழுத்து என்ன சொல்கிறது?" என்று குழுவில் கேட்டாள். நஞ்சுண்டன் அவசர அவசரமாக, "பழைய தமிழ் ஆசீர்வாதம்" என்று பதில் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான். எங்கள் டப்பாவுக்கும் ஆசீர்வாதம் வேண்டும் என்று குழு முழுக்க வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. அங்கிள் ஒருவரையும் ஏமாற்றவில்லை.

டோரிஸின் ஆபீசில் தீக்ஷா என்று ஒரு சென்னைப் பெண் வேலை பார்த்தாள். அவள் அதைப் படித்துச் சொல்லிவிட்டாள். டோரிஸின் போன் வந்ததும், குழுவிலிருந்து கழற்றிவிடப் போகிறாள் என்று நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டான்.

"டப்பாவை ஈரமில்லாமல் வையுங்கள் என்று எத்தனை வருஷமாகக் கத்துகிறேன்!" என்றாள் டோரிஸ் தழுதழுத்த குரலில். "கேட்ட ஒரே மனிதர் இவர்தான். இனி அவர் சீல் இல்லாத டப்பா எதுவும் நம் லிஸ்டில் ஏறாது."

நஞ்சுண்டனால் இதற்குச் சந்தோஷப்பட முடியவில்லை. காரணம் இருந்தது. மூன்று மாதமாக அவன் கண் எரிய எரிய ஒரு ரப்பர் துண்டில் காங்கேயம் காளையைச் செதுக்கியிருந்தான். அவனுடைய முதல் டப்பா. ஜூன் மாதப் பிக்னிக்கில் புது டப்பாக்களின் லிஸ்டை வாசிப்பார்கள். அதில் அவன் பெயர் வர வேண்டும். க்ரீன் கார்டு எந்தக் காலத்தில் வருமோ தெரியாது. இந்த மண்ணில் தன்னுடையது என்று ஒரு டப்பாவாவது இருக்க வேண்டும், முகம் தெரியாத யாராவது அதைத் தேடி மலையேற வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

அங்கிளை மலை மலையாகக் கூட்டிக்கொண்டு அலைந்தால் ஜூனுக்குள் சீல் வாங்கும் வேலை நடக்காது. தன் வீட்டு கராஜிலேயே ஒரு மேஜை போட்டு உட்காரவைத்தான். "டப்பாவை இங்கேயே கொண்டு வரச் சொல்லலாம் அங்கிள்."

பத்தே நாளில் கராஜ் தாலுகா ஆபீஸ் ஆனது. வெள்ளைக்காரர்கள் மடக்கு நாற்காலிகளில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் காத்திருந்தார்கள். சாக்ரமென்டோவிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்த ஒரு தம்பதி, சாப்பாட்டு நேரம் என்று வெளியே உட்காரவைக்கப்பட்டார்கள். "ஸோ அதென்டிக்!" என்றாள் டோரிஸ், அங்கிள் கொடுத்த டோக்கனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

நஞ்சுண்டனும் வரிசையில் நின்று தன் டப்பாவை நீட்டினான்.

"வெக்கற எடம் ஆருதுங்?"

"கவுன்ட்டி பார்க் அங்கிள்."

"அப்ப பொறம்போக்கு. தடையில்லாச் சான்று வேணுமே."

கவுன்ட்டி நிர்வாகத்துக்கு எழுதி, கெஞ்சி, பதில் வாங்கி, பிரின்ட் எடுத்துக் கொண்டுபோனான்.

"இது நகலுங் தம்பி. ஒரிஜினல்?"

"ஈமெயிலுக்கு ஏது அங்கிள் ஒரிஜினல்?"

"அத நீங்கதான் சொல்லோணும். திங்கக்கெழம வாங்க."

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போனான். காளையின் கொம்பு தெளிவில்லை என்று ஃபைல் திரும்பி வந்தது. கொம்பைத் திருத்திக்கொண்டு போனால், "முன்னாடி குடுத்த மனுவோட இது ஒத்துப்போகலியே" என்றார்.

வீட்டில் அவன் மனைவி கண்மணி பொங்கினாள். "நம்ம கராஜ், நம்ம மேஜ, மூணு வேளையும் நான் போடற காபி. உங்க டப்பாவுக்கு மட்டும் அப்ரூவல் கெடையாதா? இருங்க, நான் பேசறேன்."

மைசூர்பாகு கிண்டி எடுத்துக்கொண்டு போனாள். அங்கிள் நிதானமாக, துணுக்குக்கூட மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கும் ஃபைலுக்கும் சம்மந்தமில்லீங்கம்மா" என்றார்.

"ஏங்க, அந்தாளு மனுசனே இல்லீங்க!" என்று காலித் தட்டோடு திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிக்னிக். சனிக்கிழமை மதியம் அங்கிளுக்கு ஊருக்கு ஃபிளைட். காலையிலேயே நஞ்சுண்டன் டப்பா, பிரின்ட் அவுட், இங்க் பேடு சகிதம் ரஞ்சித்குமார் வீட்டுக்கு ஓடினான். அங்கிள் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாகமணி ஆன்ட்டி, மூட மறுத்த சூட்கேஸ்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், ஒரே ஒரு கையெழுத்து. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அங்கிள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. நெடுநேரம் யோசித்தார். பிறகு அப்படியே அடுக்கி, அவன் கையிலேயே கொடுத்தார்.

"அடுத்த தடவ வரும்போது பாக்கலாம் தம்பி."

காரில் ஏறப் போய்விட்டார். நஞ்சுண்டனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்களாவது சொல்லுங்க ஆன்ட்டி! ரிடயர்டு தாசில்தாரு, ரூல்ஸ் பாப்பாரு, ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா ஒரு மனுசன அலைய விடறது?"

"தாசில்தாரா? இவரா?" ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் சூட்கேஸ் தானாக மூடிக்கொண்டது. "மஞ்சக் காட்டு வெவசாயிங் தம்பி இவரு. பட்டாவுல பேர மாத்தோணும்னு முப்பது வருசமா தாலுகா ஆபீசுக்கு நடக்கறாரு, இன்னும் கையெழுத்தாகலீங்."