பாஸ் அக்கா நிற்கிறார்

சும்மா நின்றே ஓர் ஆபீஸை நடுங்க வைத்தவர் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் பாஸ் அக்கா. முதலாளி என்கிற பாஸ் இல்லை. டேப்பைப் பாதியில் நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறதே, அந்த பாஸ். என்னைவிடச் சின்னவர். ஆனாலும் முதல் நாளே எனக்கும் அக்காவாகிவிட்டார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் ஒலிப்பதிவை ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். முற்றுப்புள்ளியைக்கூட அவர்கள் "பீரியட்" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். ஜன்னல் அடைத்த ஏ.சி. அறையில், யாரோடும் யாரும் பேசாமல், ஊர் தெரியாதவர்களின் நோயை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அக்கா ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகமாட்டார். ஃபைல் முடிந்ததும் எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, அசையாமல் நிற்பார். டிபன் பாக்ஸைத் திறக்குமுன் ஒரு நிறுத்தம். கழுவியபின் இன்னொன்று. கதவைத் தாண்டுமுன் கட்டாயம் ஒன்று. கண் பாதி திறந்திருக்கும், எதையும் பார்க்காது. ஒருநாள் கரண்ட் போனபோது சாப்பாட்டு அறைக்குள் போன புதுப்பெண், ஃப்ரிட்ஜ் என்று நினைத்துக் கை வைத்தாள். ஃப்ரிட்ஜ் மூச்சு விட்டது. அந்தப் பெண் மறுநாள் வேலைக்கு வரவில்லை.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, தொழுகையா, மூட்டு வலியா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை சார் என்று சொல்லிவிட்டு, வெளியே வருமுன் அவர் மேஜைக்கு முன்னாலேயே நின்றார் அக்கா. கடைசியில் மேனேஜர்தான் எழுந்து வெளியே வந்தார்.

எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு டாக்டரின் குரல் என்னோடு பஸ் ஏறத் தொடங்கும்வரை. கரகரத்த குரல். வாக்கியத்துக்கு நடுவே ஓர் இருமல். கண்டக்டரிடம் "இரும்புலியூர் ஒண்ணு, பீரியட்" என்றேன். அவர் அதை ஏதோ ஸ்டாப்பிங் என்று நினைத்து, "அங்கெல்லாம் இந்த வண்டி போவாதும்மா" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்த இருமல். திரும்பினால் யாருமில்லை. குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்குள் அவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: நோயாளி பெண். வயது முப்பத்தைந்து. அது என் வயது.

மறுநாள் காலை ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போதும் அதே குரல். அதையே கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு லாரி என் முந்தானையை உரசிக்கொண்டு நின்றது. ஹாரன் காதில் விழவே இல்லை. டிரைவரின் வாய் அசைவதை மட்டும் பார்த்தேன்.

எப்படியோ வந்து ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்ககிட்டயும் வந்துட்டாரா?" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நோயாளி இறந்துபோன ஃபைலை அடித்து முடித்த கையோடு குரோம்பேட்டை வீட்டுக்கு ஓடியிருக்கிறார். தோசை வார்த்தபடியே கணவரைக் கூப்பிட்டிருக்கிறார். வாயில் வந்ததோ செத்தவரின் பெயர்.

"அவரும் 'ம்'னு திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வை எங்க வூட்டுக்காரர் பார்வையே இல்ல. அன்னையிலேர்ந்து நிக்கிறேன். ஒண்ணு போவட்டும், அப்பால அடுத்தது."

என்னை எழுப்பி, பக்கத்தில் நின்றுகொண்டார். நானும் நின்றேன். செருப்பின் வார் காலை அழுத்துவது தெரிந்தது. கீழே கடையில் யாரோ கட்டிலுக்கு ஆணி அடிப்பது கேட்டது. பிறகு என் மூச்சு. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்போது டாக்டர் ஒருமுறை இருமினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அக்கா சுவரோரமாக ஒதுங்கி, யாரோ படியிறங்குவதற்கு வழி விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை. ஏன் ஒதுங்கினீர்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

சில வருடங்களில் கம்பெனி மூடிவிட்டது. அக்கா குடும்பத்தோடு துபாய் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே எந்த லிஃப்ட் வாசலில் நின்று யாரைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறாரோ. போய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்போல் இருக்கிறது.